அதன் அது

அந்த ஊர் வௌவால்களில் இரண்டு இனம் உண்டு என்பது வௌவால்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். அவை ஒன்றோடொன்று கலப்பதில்லை, சம்பந்தம் செய்துகொள்வதில்லை, ஒரே கூரையடியில் தங்குவதுமில்லை. உயிரினப் பெயரறிவிப்பு வாரியத்துக்குத் தெரிவிப்பது ஒன்றுதான் பாக்கி. அந்த வேலை வௌவாலக்காவின் தலையில் விழுந்தது.

வௌவாலக்கா என்பது வாரியக் கட்டடத்தில் மாடிப்படிக்கு அடியில் இருந்த ஆய்வுக்கூடத்துப் பெண்ணுக்கு அலுவலகம் வைத்த பெயர். அவளுக்கு முன்னால் அதே அறையில் இருந்தவர் தவளைகளை ஆராய்ந்தார். அவரை யாரும் தவளையண்ணன் என்று கூப்பிட்டதில்லை. ஐயா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் இதையெல்லாம் மனதில் வைத்துக்கொள்கிறவள் அல்ல. பேசாமல் இருப்பதில் ஒரு சுகம் கண்டவள். ஊருக்கு வெளியே கைவிடப்பட்ட ரயில் சுரங்கப்பாதைக்குள் போய், தலைக்கு மேல் நூற்றுக்கணக்கில் தொங்குகிறவற்றைப் பார்த்தபடி மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பாள். அவையும் ஒன்றும் கேட்பதில்லை.

பார்வைக்கு இரண்டு இனமும் ஒன்றுதான். கட்டைவிரல் அளவு உடம்பு, பழுப்பு நிறம், எதற்கோ கோபித்துக்கொண்டது போன்ற முகம். ஒன்று ஊர் முழுக்க ஓட்டு இடுக்குகளிலும் கடைப் பலகைகளுக்குப் பின்னாலும் வாழ்ந்தது. மற்றொன்றுக்கு அந்தச் சுரங்கப்பாதையை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. இறக்கைச் சவ்வில் குண்டூசித் தலை அளவுக்குத் துண்டு எடுத்து (அந்தத் துளை சில வாரங்களில் தானே மூடிக்கொள்ளும்) மரபணுவைப் படித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டும் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தனிக்குடித்தனம் போய்விட்டவை.

சாதாரணமாக இருந்தால் இதைச் சொல்ல அவசரமில்லை. ஆனால் சுரங்கப்பாதைக்கு மேலே போகும் சாலை கொஞ்சம் கொஞ்சமாக உள்வாங்கிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் சுரங்கத்துக்குள் கான்கிரீட் கொட்டி வாயை அடைத்துவிடுவது என்று சாலைத் துறை முடிவு செய்திருந்தது. வேறெங்கும் இல்லாத ஓர் உயிரினம் அங்கே வாழ்கிறது என்று வாரியம் அறிவித்தால் சட்டப்படி ஒரு கல்லைக்கூட அசைக்க முடியாது. அறிவிக்காவிட்டால், உள்ளே உறங்குகிறவை உள்ளேயே உறங்கும்.

வாரியத்தின் தலைவர் மரபணுப் படங்களை நிதானமாகப் பார்த்தார். கறுப்பும் வெள்ளையுமாகக் கோடுகள். படத்தைத் திருப்பி ஒருமுறை பார்த்தார்.

"இதுல வௌவால் எங்கம்மா இருக்கு?"

"இது வௌவாலோட மரபணு வரிசை, ஐயா."

"அதான் பிரச்சினை. மரபணுங்கறது உள்ளுக்குள்ள இருக்கிற சமாச்சாரம். உள்ளுக்குள்ள ஆயிரம் இருக்கும். வாரியம் யாரோட உள்விவகாரத்துலயும் தலையிடாது. வெளியில தெரியறதை வச்சுத்தான் நாங்க முடிவெடுப்போம். அதனாலதான் இந்த வாரியம் இன்னிவரைக்கும் ஒரு தப்பான முடிவுகூட எடுக்கல. முடிவே எடுக்கலைன்னு சில பேர் சொல்லுவாங்க. ஆனா தப்பா எடுக்கலையே!"

சட்ட ஆலோசகர் தலையாட்டினார். "எனக்கும் என் தம்பிக்கும்கூட மரபணுவுல வித்தியாசம் இருக்கும். அதுக்காக அவனை வேற இனம்னு அறிவிச்சிட முடியுமா? அறிவிக்கணும்னு எனக்கு ஆசைதான். சட்டத்துல இடமில்லை."

கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடிய ஒரு வேறுபாட்டையாவது கொண்டு வரும்படி கூட்டம் முடிவு செய்தது. பிறகு எல்லோரும் தேநீர் குடித்தார்கள்.

வௌவாலக்கா படிக்கட்டுக்கு அடியில் திரும்பவும் உட்கார்ந்தாள். சாராயக் குப்பிகளில் இருந்த பழைய மாதிரிகளையும், தானாகச் செத்து விழுந்தவற்றையும் எடுத்து ஒவ்வொன்றாக அளந்தாள். மண்டையோடு ஒன்றுபோல் இருந்தது. காது, கணுக்கால், கட்டைவிரல் நகம் எல்லாம் ஒன்றுபோல் இருந்தன. பற்களை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவள் கணவர் வீட்டின் முன்னறையில் பல்செட் செய்கிறவர். உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வௌவாலின் தாடையை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் நல்ல பல்லு. நம்ம பிழைப்புக்கு ஆகாது," என்றார்.

கடைசியில் பாக்கி இருந்தது ஒரே ஓர் எலும்பு. பல பாலூட்டிகளின் ஆண்களுக்கு இருப்பது, மனிதனுக்கு இல்லாதது. சிறு பகுதியை வெட்டி, காரக் கரைசலில் ஊறவைத்துச் சதையைக் கண்ணாடிபோல் ஆக்கி, சிவப்புச் சாயம் ஏற்றினாள். கடுகைவிடச் சற்றே நீளமான எலும்பு உள்ளே சிவந்து தெரிந்தது. ஊர் வௌவாலுக்கு அது ஊசிபோல் நேராக இருந்தது. சுரங்க வௌவாலுக்கு நுனியில் கொக்கிபோல் வளைந்து, இரண்டாகப் பிளந்திருந்தது. எடுத்துப் பார்த்த அத்தனை மாதிரிகளிலும் அப்படியே. பூட்டும் சாவியும் மாதிரி. ஒரு கதவின் சாவி மற்றொரு கதவுக்குச் சேராது.

அவள் படத்தைப் பெரிதாக்கி அச்செடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தபோது நாத்தனார் வந்திருந்தாள்.

"அண்ணி, இது அழகா இருக்கே! இதே டிசைன்ல எனக்கு ஒரு ஜோடித் தோடு செய்யச் சொல்லலாமா? என்ன இது, சங்கா?"

கணவர் இரும ஆரம்பித்தார்.

"ஒரு எலும்பு," என்றாள் வௌவாலக்கா.

"எங்க இருக்கும்?"

"நடுவுல."

"இடுப்புலயா?"

"அங்கிருந்து கொஞ்சம் கீழ."

நாத்தனார் படத்தைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். பிறகு ஓரத்தைத் தூக்கி இன்னொருமுறை பார்த்தாள். "வளைஞ்சது யாரோடது?" என்று மெதுவாகக் கேட்டாள்.

இரண்டாவது கூட்டத்தில் படம் சுவரளவுக்குத் தெரிந்தது. கொக்கியும் ஊசியும் பக்கத்தில் பக்கத்தில். தலைவர் முகம் மலர்ந்தது.

"ஆஹா! இதை முதல்லயே காட்டியிருக்கலாமே! சின்னக் குழந்தைகூடச் சொல்லிடுமே வித்தியாசத்தை! எந்த எலும்பும்மா?"

"ஆண்குறி எலும்பு, ஐயா."

மின்விசிறி சுற்றுகிற சத்தம் அப்போதுதான் எல்லோருக்கும் கேட்டது. தலைவர் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். சட்ட ஆலோசகர் தண்ணீர் இல்லாத டம்ளரிலிருந்து தண்ணீர் குடித்தார்.

"நான் எந்தக் கேள்வியும் கேக்கலைன்னு குறிப்புல எழுதிக்கோங்க," என்றார் தலைவர்.

"இதெல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதானே, இதை ஏன் பெருசா..." என்று சட்ட ஆலோசகர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தார்.

"மனுஷனுக்கு அந்த எலும்பு கிடையாதுங்க," என்றாள் வௌவாலக்கா.

இரண்டாவது மௌனம் முதலாவதைவிட நீளமாக இருந்தது. அதில் கொஞ்சம் தாழ்வு மனப்பான்மையும் கலந்திருந்தது.

இந்த இக்கட்டிலிருந்து வாரியத்தை மீட்டவர் சொல்வல்லுநர். புதிய பொருள்களுக்குத் தக்க சொல் படைத்துத் தருவதற்காக வாரியம் வைத்திருந்த பெரியவர். பேசும்போது கண்களை மூடிக்கொள்வார். எதிரே இருப்பவர்களும் மூடிக்கொள்ளலாம் என்று அதற்குப் பொருள்.

"பொருள் இருக்கட்டும். சொல்தான் இடிக்குது. 'இல்லறக் கோல்'னு வைக்கலாமா?"

"கல்யாணம் ஆகாத வௌவாலுக்கு?" என்றார் சட்ட ஆலோசகர்.

"'வம்சவிளக்கு'?"

"அது மருமகளைச் சொல்றது."

"'கீழ்நடு'?"

"ஏதோ ஊர்ப் பேரு மாதிரி இருக்கு. ஊர்க்காரங்க வழக்குப் போடுவாங்க."

சொல்வல்லுநர் நெற்றியைத் தேய்த்தார். "எனக்கென்னவோ எலும்புங்கற சொல்லே கொஞ்சம் கொச்சையாத் தெரியுது. நம்ம மொழிக்கு ஒரு நாகரிகம் உண்டு. சொல்லாமலே சொல்லும். வீட்டுல நாம என்ன சொல்றோம்? 'அது'ன்னு சொல்றோம். எல்லாருக்கும் புரியுது. அசிங்கமும் இல்லை. இலக்கணத்துக்கு உட்பட்டது. அஃறிணை ஒருமை."

மேசையைச் சுற்றி ஒரு பெருமூச்சு போய் வந்தது. 'அது' என்று முடிவாயிற்று.

"ஐயா, அதுன்னா எது-ன்னு படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று வௌவாலக்கா கேட்டாள்.

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்மா. தெரியாதவங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதானே இந்த ஏற்பாடு!"

கூட்டம் கலையும் நேரத்தில் சட்ட ஆலோசகருக்கு ஒரு சந்தேகம் வந்தது. "பெண் வௌவாலுக்கு அது இருக்குமா?"

"இருக்காதுங்க."

"அப்போ பெண் எந்த இனம்?"

"மரபணுவை வச்சுச் சொல்லலாம்."

"மரபணுவை வாரியம் ஏத்துக்கலையே."

தலைவர் யோசித்துத் தீர்ப்பு சொன்னார். பெண் வௌவால்கள் துணை சேரும்வரை இனம் அறியப்படாதவை. சேர்ந்த பிறகு துணையின் இனத்தைச் சேர்ந்தவை. "இதுல யாருக்கும் மறுப்பு இருக்காதுன்னு நினைக்கிறேன்," என்று அவர் அறையிலிருந்த ஒரே பெண்ணைப் பார்க்காமல் சொன்னார்.

மறுப்புச் சொன்னால் இன்னொரு கூட்டம் போடுவார்கள். சாலைத் துறையின் கலவை இயந்திரங்கள் ஏற்கெனவே சுரங்கத்தின் வாசலுக்கு வந்துவிட்டன. வௌவாலக்கா படத்தைச் சுருட்டிக்கொண்டு கீழே போனாள்.

அலுவலகம் அவள் அறிக்கையில் அந்த எலும்பின் பெயர் வந்த இடத்திலெல்லாம் 'அது' என்று மாற்றியது. முக்கியமான பகுதி இப்படி ஆயிற்று: "சுரங்க வௌவாலின் அது வளைந்தது. ஊர் வௌவாலின் அது நேரானது. அதன் அதுவும் இதன் அதுவும் ஒன்றல்ல என்பதால் இரண்டும் வெவ்வேறு இனங்கள். அது வளைந்தது வாழும் இடம் காக்கப்பட வேண்டும்."

அறிக்கை அரசிதழில் அச்சேறப் போனது. அரசிதழ் அச்சகத்தில் ஒரு பிழை திருத்துநர் இருந்தார். மனசாட்சி உள்ள மனிதர். வேண்டாத சொல் ஒன்று வரியில் நின்றால் செருப்பில் மணல் புகுந்ததுபோல் அவருக்கு நடக்க முடியாது. வாரியத்தின் அறிக்கையைப் படித்து, படித்தவர்கள் எழுதும் தமிழ் இவ்வளவு மோசமாகப் போய்விட்டதே என்று வருந்தி, அத்தனை 'அது'க்களையும் பொறுமையாக அடித்து, மிஞ்சியதை வாக்கியமாகச் சீர்படுத்தினார்.

மறுவாரம் அரசிதழ் வந்தது. கணவர் பல் அச்சு மாவு படிந்த கையோடு அதை வாங்கிச் சத்தமாகப் படித்தார்.

"'சுரங்க வௌவால் வளைந்தது. ஊர் வௌவால் நேரானது. இரண்டும் வெவ்வேறு இனங்கள். வளைந்த வௌவால் வாழும் இடம் காக்கப்பட வேண்டும்.' ஏம்மா, நம்ம ஊர் வௌவால் நிமிர்ந்து நடக்குதா என்ன?"

அவள் அரசிதழை வாங்கிப் பார்த்தாள். அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

தலைவர் பதற்றப்படவில்லை. "திருத்தம் போடலாம். ஆனா திருத்தம்னா முதல்லேர்ந்து வரணும். நீ மனு கொடுக்கணும், குழு கூடணும், சொல்வல்லுநர் வேற வெளியூர் போறாரு. மழைக்காலம் முடிஞ்சதும் பாக்கலாம். அதுவரைக்கும் இந்த அறிவிப்பு செல்லாது."

"செல்லாதுன்னா?"

"செல்லாதுன்னா, திங்கக்கிழமை அவங்க கான்கிரீட் கொட்டலாம்."

"திருத்தலைன்னா?"

"திருத்தலைன்னா அறிவிப்பு செல்லும். வளைஞ்ச வௌவால் இருக்கான்னு சாலைத் துறை வந்து பாக்கும். இருந்தா சுரங்கம் தப்பிச்சுது. இல்லைன்னா இல்லை." அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காத. இந்த உலகத்துல எது முழுசா நேரா இருக்கு, சொல்லு. நான் இந்த நாற்காலிக்கு வந்தப்போ எவ்வளவு நேரா இருந்தேன் தெரியுமா? அதனாலதான் ஒரு வருஷம் வாசல்லயே நிக்க வச்சாங்க."

மறுநாள் காலையில் நான்கு பேர் சுரங்கத்துக்குள் போனார்கள். தலைவர், சட்ட ஆலோசகர், வௌவாலக்கா, சாலைத் துறைப் பொறியாளர். பொறியாளர் இளைத்த மனிதர்; முழங்கால் வரை ரப்பர் காலணி, கையில் நேர் பார்க்கும் குமிழி வைத்த ஒரு நீர்மட்டம். அவருக்கு வௌவால்மீது எந்தப் பகையும் இல்லை. சாலை உள்வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

கைவிளக்கை மேலே அடித்தார். பழுப்பு நிறத்தில் சின்னச் சின்ன மூட்டைகளாக அவை தொங்கின.

"எல்லாம் நேராத்தான தொங்குது," என்றார் பொறியாளர்.

"தலைகீழா இருக்கிறதால உங்களுக்கு அப்படித் தெரியுது," என்றார் தலைவர்.

"தலைகீழா இருந்தாலும் நேரு நேருதானுங்க. தூக்குக்குண்டு மாதிரி தொங்குதே." அவர் நீர்மட்டத்தை ஒரு வௌவாலுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "பாத்தீங்களா?"

"வளைவுங்கறது எத்தனை பாகைக்கு மேலன்னு சட்டத்துல சொல்லலை," என்றார் சட்ட ஆலோசகர்.

"சொல்லலைன்னா நான் பாக்கிறதுதான் கணக்கு. மேடம், நீங்கதான இதைக் கண்டுபிடிச்சது? நீங்களே காட்டுங்க. எது வளைஞ்சிருக்கு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். கேள்வி நேர்மையான கேள்வி. பதிலும் நேர்மையாக இருந்தது. ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைச் சொன்னால் அறிவிப்பு தப்பு என்று ஆகும். வாசலில் கலவை இயந்திரம் ஒன்று சும்மா உறுமிக்கொண்டிருந்தது. தலைவர் இரண்டு கைகளாலும் காதைப் பொத்தத் தயாராக நின்றார்.

வௌவாலக்கா தோல் கையுறையை மாட்டிக்கொண்டாள். எட்டும் உயரத்தில் பாறைப் பிளவில் தூங்கிய ஒன்றை மெல்ல எடுத்துப் பொறியாளரின் விளக்குக்கு முன்னால் உள்ளங்கையில் வைத்தாள். வெளிச்சமும் மனித வாடையும் பட்டதும் அது முகத்தை வயிற்றுக்குள் புதைத்துக்கொண்டு, முதுகை வில்லாக்கி, ஒரு கொட்டையளவுக்குச் சுருண்டது.

"அட!" என்றார் பொறியாளர்.

எந்த வௌவாலை எடுத்து உள்ளங்கையில் வைத்தாலும் பயத்தில் இப்படித்தான் சுருளும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் சொல்லவில்லை. அவள் வாழ்க்கையில் பேசிய பொய்களிலேயே மிகவும் துல்லியமானது அந்த மௌனம்தான். பொறியாளர் பக்கத்து ஒன்றையும் எடுத்துக் காட்டச் சொன்னார். அதுவும் சுருண்டது. அவர் பெருமூச்சு விட்டு, நீர்மட்டத்தைப் பையில் போட்டுக்கொண்டார். இயந்திரங்கள் மத்தியானமே கிளம்பிப் போயின. சாலையை வேறு வழியாகத் திருப்பும் வேலை தொடங்கியது.

இத்தோடு விஷயம் முடிந்திருந்தால் அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். ஆனால் வெற்றி பெற்ற வாரியம் சும்மா இருக்காது. வளைந்த வௌவாலைக் கண்டாயிற்று. நேரான வௌவாலையும் கணக்கெடுக்க வேண்டும் என்று தலைவர் உத்தரவிட்டார். கணக்கெடுப்பாளர்கள் ஏணியும் வலையும் கையுறையுமாக ஊர் முழுக்கப் போனார்கள். ஓட்டு இடுக்கிலிருந்தும் கடைப் பலகைக்குப் பின்னாலிருந்தும் வௌவால்களைப் பிடித்து, சுரங்கத்தில் செய்ததைப் போலவே, உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள். பிடித்ததெல்லாம் வளைந்தது. நேரான வௌவால் ஒன்றுகூட அகப்படவில்லை.

வௌவாலக்கா மாடியேறிப் போய்ச் சொல்லிப் பார்த்தாள். "ஐயா, ஊர் வௌவால் லட்சக்கணக்குல இருக்கு. சாயங்காலம் வெளியில வந்து பாருங்க."

"நீதானம்மா வளைஞ்சதைக் கையில வச்சுக் காட்டின? இப்போ அந்த முறையே தப்புன்னு சொல்றியா?"

தப்பு என்று சொன்னால் சுரங்கத்துக்கு மறுபடியும் இயந்திரம் வரும். அவள் மாடியிறங்கி வந்தாள்.

நேரான வௌவால் இனம் அற்றுப்போய்விட்டதாக வாரியம் அறிவித்தது. வாரியத்தின் வரலாற்றில் அது எடுத்த இரண்டாவது முடிவு. அதற்கு ஓர் இரங்கல் கூட்டமும் ஏற்பாடாயிற்று. மாலை நேரம், பெரிய கூடம், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. நேரான வௌவாலின் படம் வாரியத்தில் இல்லாததால், இரண்டாவது கூட்டத்தில் காட்டிய அந்த ஊசியின் படத்தையே பெரிதாக்கிச் சுவரில் மாட்டியிருந்தார்கள். அது என்ன என்று தலைவருக்கும் சொல்வல்லுநருக்கும் தெரியும், பார்க்காமல் இருந்தார்கள்.

தலைவர் பேசினார். "நேர்மையான ஒரு ஜீவனை இந்த ஊர் இழந்துட்டது. அது இருந்தப்போ நாம கண்டுக்கல. கண்டுக்கணும்னு போனப்போ அது இல்லை. இதுக்கு வாரியம் எந்த வகையிலயும் பொறுப்பில்லைங்கறதை இந்தத் துக்கமான நேரத்துல மகிழ்ச்சியோட தெரிவிச்சுக்கறேன்."

எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுஷ்டித்தார்கள். வௌவாலக்காவுக்குப் பழக்கமான காரியம், தலையைக் குனிந்துகொண்டாள். அப்போது ஜன்னல் வழியாக ஒரு வௌவால் கூடத்துக்குள் வந்தது. விளக்கைச் சுற்றிய பூச்சிகளை ஒன்றொன்றாகப் பிடித்துத் தின்றபடி, இறக்கைகளை முழுக்க விரித்து, சுவருக்குச் சுவர் கோடு போட்டதுபோல் பறந்தது. கூட்டம் மௌனத்தைக் கலைக்காமல் கண்களால் மட்டும் அதைப் பின்தொடர்ந்தது. இடமும் வலமுமாக எல்லாத் தலைகளும் மெல்ல ஆடின.

மௌனம் முடிந்ததும் தலைவர் அவளருகே நகர்ந்து வந்தார். முகத்தில் வியர்வை.

"ஏம்மா, இது வளைஞ்சதா, நேரானதா?"

வௌவாலக்கா மேலே பார்த்தாள். வௌவால் ஜன்னலைத் தாண்டி இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

"பிடிக்காத வரைக்கும் நேரானது, ஐயா," என்றாள்.